குதிரை தேய்ப்போர் வரலாறு

சிங்கப்பூரிலே சிராங்கூன் ரோட்டிற்கு அடுத்தாற்போல் ரேஸ் கோர்ஸ் ரோடு என்னும் தெரு ஒன்றுண்டு. நம்மவர் வாழையிலைச் சோற்றுக்கும் மீன்தலைக் குழம்புக்கும் தேடிச் செல்லும் தெரு அது. அங்கே இன்று குதிரை இல்லை; குதிரையின் வாடையும் இல்லை. 1842-ம் ஆண்டில் வெள்ளையர் சிலர் கூடி நிறுவிய பந்தயச் சங்கம், மறு ஆண்டில் அவ்விடத்தருகே பாரர் பார்க் வெளியிற்றான் முதற் பந்தயத்தை நடத்திற்று. 1933-ல் அது புக்கிட் தீமாவுக்குப் பெயர்ந்தது. பிற்காலத்தில் கிராஞ்சிக்குப் பெயர்ந்தது. 2024-ம் ஆண்டு அக்டோபர் 5-ந் தேதி கடைசிப் பந்தயமும் ஓடி முடிந்தது. அன்று பத்திரிகைகள் எல்லாம் வென்ற குதிரைகளின் பெயரையும் ஏறியவர் பெயரையும் உடையவர் பெயரையும் நினைவுகூர்ந்து எழுதின. அக்குதிரைகளை நூற்றெண்பது ஆண்டுக் காலம் நாள்தோறும் தேய்த்துக் கழுவித் துடைத்தவர் யார் என்று கேட்டவர் மிகச் சிலரே.

குதிரையைக் குளிப்பாட்டுவதற்கும் ஒரு சரித்திரமா என்று நேயர்கள் நகைக்க வேண்டா. அரசர்கள் போர் வென்றதும் தோற்றதும் பல சமயங்களில் இந்தச் சிறு வேலையைப் பொறுத்திருந்தன. நம் பாண்டிய நாட்டின் பொன்னெல்லாம் கடல் கடந்து போனதற்கும் இவ்வேலைக்கும் தொடர்புண்டு. அதனை இக்கட்டுரையில் காண்போம்.

முதற்கண் வேலை இன்னதென்று தெரிந்துகொள்ளல் நலம். குதிரை மனிதனைப்போலவே உடலெங்கும் வியர்க்கின்ற விலங்கு. ஓடி வந்த குதிரையின் கழுத்திலும் தொடையிடுக்கிலும் வெண்ணுரை திரண்டு நிற்பதைக் கண்டிருப்பீர்கள். அதன் வியர்வையில் சவர்க்காரம் போல் நுரைக்கும் புரதப்பொருள் ஒன்று கலந்திருப்பதே காரணம். உப்பும் அதில் மிகுதி. அது காய்ந்து, புழுதியோடும் உதிர்ந்த தோற்பொடியோடும் கலந்து மயிரடியில் பொருக்காகப் படியும். அதன்மேற் சேணம் வைத்து ஏறினால் முதுகு புண்படும். புண்பட்ட குதிரை ஏற ஒட்டாது. ஏறமுடியாத குதிரை எத்தனை பொன்னுக்கு வாங்கியதாயினும் வெறும் தீனிச்செலவே. ஆகையினால் குரப்பத்தால் மயிரைக் கிளறிப் பொருக்கை எழுப்புவதும், குச்சத்தால் துடைப்பதும், வைக்கோற் பிரியை முறுக்கி அதனால் உடலைத் தட்டித் தேய்த்து இரத்தவோட்டம் உண்டாக்குவதும், கண், மூக்கு, வாலடி ஆகியவற்றை ஈரத்துணியால் ஒற்றுவதும், குளம்பைத் தூக்கி அடியில் அடைந்த சாணத்தையும் கல்லையும் கிளறி எடுப்பதும் நாள்தோறும் நடந்தாக வேண்டும். ஒரு குதிரைக்கு ஒருவன் மெய்வருந்திச் செய்தாலும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது.

இத்தொழிலைப்பற்றி எழுதப்பட்டனவற்றுள் நமக்குக் கிடைத்த மிகப் பழையதொன்று களிமண் ஏடுகளில் உள்ளது. இன்றைய துருக்கி நாட்டில் போகாசுக்கோய் என்னும் ஊரில் 1906-ல் தொடங்கிய அகழ்வில், ஹிட்டைட் அரசரின் பழைய தலைநகரான ஹத்துசாவின் ஏட்டுச் சாலை வெளிப்பட்டது. அவற்றுள் குதிரைப் பயிற்சி கூறும் ஏடுகள் உள்ளன. காலம் கி. மு. 14-ம் நூற்றாண்டு. எழுதுவித்தவன் மித்தன்னி நாட்டுக் குதிரைப் பயிற்றுநனாகிய கிக்குலி. தேர்க்குதிரையை நூற்றெண்பதுக்கு மேற்பட்ட நாட்கள், எந்நாளில் எவ்வளவு தூரம் ஓட்டுவது, எப்பொழுது தீனியை நிறுத்துவது, எப்பொழுது போர்வை போர்த்துவது என்று அவன் சொல்லிக்கொண்டே போகிறான். அதனிடையே திரும்பத் திரும்ப வருவது குளிப்பாட்டல். வெந்நீரால் கழுவுக, ஆற்றுக்குக் கொண்டு செல்க, நீரில் இறக்குக, மேலே ஏற்றித் தீனி இடுக, மறுபடி இறக்குக என்பதே அவன் முறை. ஓட்டத்தின் சுற்றுக்களை எண்ண அவன் வழங்கும் எண்ணுப்பெயர்கள் அய்க்க, தேர, பஞ்ச, சத்த என்பன. வடமொழி ஏக, திரி, பஞ்ச, சப்த என்பவற்றோடு அவற்றுக்குள்ள உறவைக் கண்டு அறிஞர்கள் வியந்தனர். இதனைக்கொண்டு பழம்பெருமை பேசுவோரும் உளர். எமக்கு வியப்புத் தருவது வேறொன்று. குதிரைகளைப் பழக்கிய ஒரு தொழிலாளி தன் பெயரையும் தன் நாட்டையும் தொழிலையும் சொல்லிக்கொண்டு நூலைத் தொடங்குகிறான். மூவாயிரத்து முந்நூறு ஆண்டுக்குப் பின்னும் அப்பெயர் அழியவில்லை. இந்த ஏட்டின் துணையால் நாம் அவனை அறிவோம். அவன் பழக்கிய தேர்களில் ஏறியவர் பெயர் நமக்குத் தெரியாது.

அவனுக்கு ஆயிரம் ஆண்டு பிற்பட்டவர் ஏதென்சு நகரத்துச் செனபோன். சாக்ரட்டீசின் மாணாக்கர், படைத்தலைவர். கி. மு. 4-ம் நூற்றாண்டில் குதிரையேற்றத்தைப் பற்றி அவர் எழுதிய சிறு நூல் முழுதும் கிடைத்துள்ளது. இன்றைக்கும் குதிரை வளர்ப்போர் அதனைப் படிக்கின்றனர் என்றால் அதன் மதிப்பு விளங்கும். தேய்க்கும் முறையைச் செனபோன் வரிசையாகக் கூறுகிறார். தலையிலும் பிடரிமயிரிலும் தொடங்கவேண்டும்; மேற்பாகம் அழுக்காயிருக்கக் கீழ்ப்பாகத்தைத் துடைப்பது வீண். உடலின் மயிரை முதலிற் கிளப்பிப் பின்னர் மயிர் படியும் போக்கிலே தூசியைத் துடைத்தகற்ற வேண்டும். முதுகெலும்பின் மீது மட்டும் எந்தக் கருவியும் படலாகாது. கையினாலேயே தடவி மயிரைப் படியவிடல் வேண்டும். ஏறுபவன் அமரும் இடமல்லவா? தலை எலும்பாயிருப்பதால் அங்கே இரும்பாலோ மரத்தாலோ தேய்த்தால் நோகும், நீரினால் கழுவுக. நெற்றிமயிரையும் பிடரியையும் வாலையும் நன்றாக நீர்விட்டு அலசுக. நெற்றிமயிர் கண்ணில் விழும் ஈ முதலியவற்றை ஓட்டுவது. வால் எட்டுமட்டும் உடலைக் காப்பது. பிடரி ஏறுபவன் கைப்பிடிக்கு உதவுவது.

இவ்வளவு நீரைத் தலைக்கும் வாலுக்கும் சொன்னவர் கால்களுக்கு மட்டும் நீர் வேண்டாம் என்கிறார். நாள்தோறும் நனைந்தால் குளம்பு கெடும் என்பது அவர் கருத்து. வயிற்றின் அடிப்புறத்தையும் அதிகமாகத் துடைக்க வேண்டாமாம். குதிரைக்கு அது பெருந்தொல்லை, துடைத்து வெளியே கொண்டுவந்த மறுகணமே பழையபடி அழுக்காகிவிடும் என்று சலிப்போடு சொல்லுகிறார். அந்தச் சலிப்பைப் படிக்கும்போது, செனபோன் பிறர் தேய்ப்பதைத் தூரத்தில் நின்று பார்த்து எழுதியவரல்லர், கொட்டடியிலே நின்று பழகியவரே என்று எமக்குத் தோன்றுகிறது. தேய்ப்பவனின் மெய்காப்பையும் அவர் மறக்கவில்லை. குதிரை பார்க்கும் திசையையே பார்த்துக்கொண்டு காலைத் தேய்த்தால் முழங்காலோ குளம்போ முகத்தில் அடிக்கும். எதிர்த்திசை நோக்கித் தோட்பட்டை அருகே, கால் வீச்சுக்கு அப்பால் அமர்ந்து தேய்த்தால் தீங்கில்லை என்று விளக்குகிறார். அடிமைகள் தொழில் செய்த நாட்டில், அவ்வடிமையின் பல் உடையாதிருக்க ஒரு படைத்தலைவர் இடம் ஒதுக்கி எழுதியிருக்கிறார் என்பதைக் குறித்துக்கொள்ளலாம்.

கால்களை நனைக்காதே என்று செனபோன் சொன்ன காரணம் அவர் நாட்டுக்குரியது. ஆணியடித்த இரும்பு லாடம் அன்று கிரேக்கரிடம் இல்லை. அது பொதுவழக்காயது பல நூற்றாண்டு பிற்பட்டு. வெறுங்குளம்பே கல்லில் நடக்கவேண்டும். ஆதலின் குளம்பு கெட்டியாகக் கொட்டடி வாயிலில் கைப்பிடியளவு உருண்டைக் கற்களை வண்டி வண்டியாகக் கொட்டி, அதன்மேல் குதிரையை நிறுத்தித் தேய்க்கச் சொன்னார். அங்கே வெயிலும் வறட்சியானது. வியர்வை தானே உலர்ந்து உடலைக் குளிர்விக்கும். நீர் ஊற்ற வேண்டிய அவசியம் குறைவு.

நம் பரதகண்டத்து நூலோ இதற்கு மாறாகப் பேசுகிறது. மைசூரில் சாமசாஸ்திரியார் 1905-ல் ஓலைச்சுவடியாகக் கண்டெடுத்து 1909-ல் அச்சிட்ட அர்த்தசாத்திரத்திலே, குதிரைத் தலைவனுக்கென்று ஓர் அதிகாரம் உண்டு. நூலின் காலம்பற்றி அறிஞரிடையே வழக்கு ஓயவில்லை, கி. பி. முதல் நூற்றாண்டுகளை ஒட்டி இன்றைய வடிவம் பெற்றிருக்கலாம் என்பார் பலர். அதிலே குதிரைகளை நாள்தோறும் இருவேளை நீராட்டிச் சந்தனப்பொடி பூசி மாலையிட வேண்டும் என்றிருக்கிறது. சந்தனமும் மாலையும் அரண்மனை ஆடம்பரம். பௌர்ணமி, அமாவாசைகளுக்குச் சொல்லிய சடங்குகளும் அவ்வகையே. அவற்றை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், எஞ்சியிருப்பது கண்டிப்பான நிர்வாகம். கொட்டடித் தரைக்குப் பலகை பரப்பவேண்டும். மூத்திரமும் சாணமும் போக வழி வேண்டும். கடிவாளம் பிடிப்பவன், கட்டுபவன், புல் கொண்டுவருபவன், தீனி சமைப்பவன், கொட்டடி காப்பவன், மயிர் திருத்துபவன், விஷவைத்தியன் எனத் தனித்தனி ஆட்கள் உண்டு. வேலையில் தவறினால் அன்றைய கூலி பிடித்தம். வைத்தியத்தின் பிழையால் நோய் முற்றினால் மருத்துவனுக்கு அபராதம். குதிரை மாண்டால் அதன் விலையே அபராதம். மயிர் திருத்துபவனுக்கு அரசு நூலிலே தனிப்பதவி இருப்பது ஈண்டு கருதத்தக்கது.

இனி நம் நாட்டிற்கு வருவோம். தமிழகம் குதிரை விளையும் நாடன்று. சங்க காலத்திலேயே கலத்தில் வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. சோழர் கல்வெட்டுக்களில் மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகள் வருகின்றனர். மலாய் நாட்டில் நம்மோடு வாழும் ராவுத்தர்களின் பெயரும் குதிரைவீரன் எனப் பொருள்படும் சொல்லே. ஆனால் இவ்வாணிகம் கரைபுரண்டு ஓடியது பதின்மூன்றாம் நூற்றாண்டில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில். தாமிரபரணி கடலொடு கலக்குமிடத்திலிருந்த காயல் அதன் துறை.

1290-களின் தொடக்கத்தில் அக்கரையோரமாகச் சென்ற வெனிசு நகரத்து மார்க்கோ போலோ கூறுவதைக் கேளுங்கள். ஆர்மூசு, கிசு, தோபார், ஏடன் முதலிய துறைகளின் வணிகர் ஆண்டுதோறும் குதிரைகளைக் கொண்டுவந்து விற்கின்றனர். பாண்டிய அரசர் ஐவரும் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு இரண்டாயிரம் வரை வாங்குகின்றனர். ஆண்டு முடிவில் எஞ்சுவது நூறளவே. பாடங்கள் தொகையில் வேறுபடினும் கருத்து ஒன்றே. காரணம், இங்குள்ளோர்க்குக் குதிரையைப் பேணத் தெரியாது. லாடம் கட்டுபவரும் குதிரை வைத்தியரும் இல்லை. அப்படிப்பட்டவர் இங்கு வந்துவிடாதபடி வணிகரே தடுக்கின்றனர். குதிரை சாகச் சாக அவர்களுக்கு விற்பனை. சோற்றையும் இறைச்சியையும் சமைத்துக் குதிரைக்குப் போடுகிறார்கள் என்றும் போலோ வியந்து கூறுகிறார்.

பாரசீகத்திலிருந்து எழுதிய வஸ்ஸாப் என்னும் சரித்திரக்காரர் கணக்கையும் சேர்த்துத் தருகிறார். கிசுத் தீவின் தலைவர் ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1,400 குதிரைகள் அனுப்ப ஒப்பந்தம்; பிற துறைகளிலிருந்தும் சேர்த்துப் பதினாயிரம். குதிரை ஒன்றின் விலை 220 செம்பொன் தீனார். ஆக, ஆண்டொன்றுக்கு 22 லட்சம் தீனார். நடுக்கடலில் குதிரை இறந்தாலும் அதன் விலையை அரசன் கொடுத்துவிட வேண்டும்! வஸ்ஸாப் மிகைபடக் கூறும் இயல்பினர். தொகையிற் பாதியைத் தள்ளிவிடலாம். பாதியே என்றாலும் அது பெரும்பொருள் அன்றோ? இப்பொருள் அரசனது பொக்கிஷத்திலிருந்து போகவில்லை, கோயில்களின் நிலவருவாயிலிருந்தும், கோயிலைச் சார்ந்த தேவதாசிகளின் மீது விதித்த வரியிலிருந்தும் கொடுக்கப்பட்டது என்று அவர் எழுதியிருப்பதை நேயர்கள் ஊன்றி நோக்குக. பொட்டுக்கட்டப்பட்ட பெண்களின் காசு அரபிக்குதிரையாகி, அக்குதிரை ஓராண்டிற் செத்து மண்ணாயிற்று.

வந்திறங்கிய குதிரைகளுக்கு நேர்ந்ததை வஸ்ஸாப் விவரிக்கிறார். நாற்பது நாள் முளையடித்துக் கயிற்றால் கட்டிப்போட்டு, வறுத்த வாற்கோதுமையையும் தானியத்தையும் நெய்யிற் பிசைந்து கொடுத்து, காய்ச்சிய பசும்பாலையும் குடிப்பாட்டிக் கொழுக்க வைப்பராம். பிறகு பழக்காமலே, அங்கவடி முதலியனவுமின்றி, பேய்போல் ஏறி ஓட்டுவராம். மிகவும் வலிய குதிரையும் சிறிது காலத்தில் தளர்ந்து மந்தமாகிப் பயனற்றுப் போகும். ஆகவே மேன்மேலும் புதிய குதிரை வேண்டும்.

இவ்விரு சாட்சிகளையும் கொண்டு தமிழர்க்குக் குதிரை அறிவே இல்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டவர் பலர். யாம் அதனை முழுதும் ஏற்கமாட்டோம். சோறும் இறைச்சியும் குதிரைக்குக் கொடுப்பது போலோவின் கண்ணுக்கு மூடத்தனம். ஆனால் மேலே சொன்ன அர்த்தசாத்திரத்தைப் புரட்டினால், முதல்தரக் குதிரைக்கு வேகவைத்த அரிசியோ வாற்கோதுமையோ பயறோ கொடுக்கலாமென்றும், எண்ணெய், உப்பு, வெல்லம், தயிர் அல்லது இறைச்சிச் சாறு, ஐம்பது பலம் இறைச்சி கூடவே வேண்டுமென்றும் அளவு எழுதியிருக்கிறது. அரேபியாவில் இல்லாத முறை என்பதால் அது அறியாமை ஆகிவிடாது. பழைய நூல்வழி வந்த முறை. அது நல்ல முறையா என்பது வேறு கேள்வி. புல் தின்னும் விலங்கின் நீண்ட குடல் வைக்கோலுக்கும் புல்லுக்கும் அமைந்தது. நெய்யும் சோறும் மிகுந்து, நடையும் இல்லாமல் நாற்பது நாள் கட்டிக்கிடந்தால் வயிற்றுவலியும் குளம்புக் காய்ச்சலும் வருவது உறுதி. இன்றைய கால்நடை மருத்துவர் எவரும் இதை ஒப்புவர்.

தட்பவெப்பமும் தன் பங்கைச் செய்தது. வறண்ட பாலையிற் பிறந்த குதிரையைக் காயலின் புழுக்கத்தில் நிறுத்தினால் வியர்வை வழியுமேயன்றி உலராது. உடலின் சூடு உள்ளேயே நிற்கும். வெப்பமும் ஈரமும் மிக்க நாடுகளுக்குக் கொண்டுவரப்பட்ட குதிரைகளிற் சில, நாளடைவில் வியர்க்கும் ஆற்றலையே இழந்துவிடுகின்றன என்பதை இருபதாம் நூற்றாண்டு மருத்துவர் கண்டறிந்தனர். மேல்மூச்சு வாங்கும், மயிர் உலர்ந்து உதிரும், வேலைக்கு ஆகாது. நிழலும் காற்றும் நீரும்தான் அதற்குத் துணை. ஈயினால் பரவும் சுரா என்ற நோய் மற்றொன்று. 1880-ல் பஞ்சாபில் கிரிபித் இவான்சு என்னும் படை மருத்துவர், குதிரையின் இரத்தத்தில் அதன் கிருமியைக் கண்டார். பாண்டியன் கொட்டடியில் அந்நோய் இருந்ததற்குச் சான்று காட்ட முடியாது. ஆனால் சாணமும் ஈரமும் சேர்ந்த இடத்தில் ஈ மொய்க்கும் என்பதற்குச் சான்று வேண்டுவதில்லை. இருவேளை நீராட்டு என்று நம் நாட்டு நூல் விதித்ததும், காலை நனைக்காதே என்று ஏதென்சு நூல் விதித்ததும் தத்தம் நாட்டுக்கேற்ற அறிவே. அரேபியக் குதிரையை அரேபியத் தொழிலாளியின் அறிவு இல்லாமல், நம் தொழிலாளியின் அறிவையும் கேளாமல் வாங்கிக் கட்டியதில்தான் பிழை இருக்கிறது. குதிரை இறந்தாலும் விலை வந்துவிடும் என்றால் விற்பவனுக்கு அக்கறை எதற்கு? கோயிற்பணம் வருகிறதென்றால் வாங்குபவனுக்குத்தான் அக்கறை எதற்கு? அக்கறை கொண்டிருக்கக்கூடியவன் நாள்தோறும் அந்த உடம்பைத் தொட்டுத் தேய்த்தவன் ஒருவனே. அவன் சொல்லை எந்த ஏடும் எழுதி வைக்கவில்லை.

இங்கே மாணிக்கவாசகர் கதை நினைவுக்கு வருவது இயல்பு. குதிரை வாங்க அரசன் கொடுத்த பொன்னைத் திருப்பெருந்துறையிற் கோயிலுக்குச் செலவிட்டார் அமைச்சர். நரிகள் பரிகளாகி வந்தன. இரவில் மீண்டும் நரிகளாகி, கொட்டடியிலிருந்த பழைய குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஓடின என்பது புராணம். பக்தர் அதை வேறு வகையிற் பொருள் கொள்வர். அவரோடு வழக்கிட இது இடமன்று. எமக்கு இப்படி ஓர் எண்ணம் உண்டு: துறைமுகத்திலே பளபளத்து நின்ற குதிரை, சில திங்களில் எலும்பும் தோலுமாய் ஊளையிடும் நரிபோல் ஆனதைக் கண்ட மக்களுக்கு, இக்கதையை நம்புவது கடினமாயிருந்திராது.

கம்பெனி ஆட்சி வந்தபின் சென்னைப் பட்டணத்தில் ஒவ்வொரு துரை வீட்டிலும் குதிரைக்காரன் ஒருவன் இருந்தான். ஒரு குதிரைக்கு ஒருவன். அவனோடு புல்லறுக்க ஓர் ஆள். வடநாட்டில் புல்லறுப்பவன் ஆண். தெற்கே அது பெரும்பாலும் குதிரைக்காரனின் மனைவியின் வேலை. விடியுமுன் எழுந்து மைல் கணக்காய் நடந்து, அருகம்புல்லை வேரோடு செதுக்கி எடுத்து, மண் போக அலசித் தலைச்சுமையாய்க் கொண்டுவருவாள். அவன் கொள்ளு வேகவைப்பான். முழங்கை வரை பயன்படுத்தி உடம்பை அழுத்தித் தேய்ப்பான். அந்த மாலீசைக் கண்ட வெள்ளையர், ஐரோப்பாவில் குச்சத்தால் பெறும் பளபளப்பை இவர்கள் வெறுங்கையால் பெறுகின்றனரே என்று வியந்தனர். இத்தொழில் செய்தோர் பெரும்பாலும் தாழ்த்தப்பட்டோர் எனப்பட்ட சமூகத்தினர். கிணற்றையும் கோயிலையும் தொடலாகாது என்று தடுக்கப்பட்ட கை, துரை ஏறும் குதிரையின் முதுகை இருவேளையும் தொட்டது. அதே துரையின் குதிரைமேல் ஏறிப்பார்க்க ஆசைப்பட்ட மேற்சாதிக்காரருக்கு அப்போது தீட்டு நினைவுக்கு வரவில்லை.

சிங்கப்பூரிலும் பினாங்கிலும் அத்தொழில் கப்பலேறி வந்து சேர்ந்தது. இங்கே அதற்குப் பெயர் சைஸ். அரபு மொழியில் குதிரை காப்போன் என்று பொருள்படும் சொல், இந்துஸ்தானி வழியாக ஆங்கிலேயர் வாயில் புகுந்தது. மலாயிலும் அச்சொல் வழங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சிங்கப்பூரின் வாடகை வண்டிகளை இழுத்தவை பெரும்பாலும் சுமத்திராவின் டெலி மட்டக்குதிரைகள். பெரிய வண்டிகளுக்கும் பந்தயத்துக்கும் ஆஸ்திரேலியாவிலிருந்து குதிரைகள் வந்தன. அவற்றைப் பேணியவர் தமிழரும், சாவகக் கடலிலுள்ள பாவியான் தீவினரும். கம்போங் காப்போர் பக்கத்தில் பாவியான் மக்கள் கூடி வாழ்ந்ததற்கு அருகிருந்த பந்தய வெளியும் ஒரு காரணம். பிரயாணிகள் எழுதிய பழைய குறிப்புக்களில், சைஸ் வண்டியிலே உட்கார இடமில்லாமல், குதிரையின் தலைப்பக்கமாகக் கூடவே ஓடிவருவது பல இடங்களிற் காணப்படும். வெயிலில் மைல்கணக்காய்க் குதிரையோடு ஓடி, குதிரைக்கு வியர்த்ததும் தன் வியர்வையைத் துடைக்குமுன் அதன் வியர்வையைத் துடைத்தவன் அவன்.

இங்குள்ள மழை அவனுக்குப் புதுப்பாடம் கற்பித்தது. குளம்பின் அடியிலே நடுவில் மெத்தென்றிருக்கும் பகுதி நாள் முழுதும் சேற்றில் ஊறினால் அழுகி நாற்றம் எடுக்கும். ஆகையால் நீராட்டியபின் உடல் நீரை வழித்தெடுத்து, கால்களை வைக்கோலால் துடைத்து உலர்த்தி, உலர்ந்த பலகைமேல் நிறுத்தவேண்டும். குளிப்பாட்டவும் வேண்டும், உலர்த்தவும் வேண்டும். கிக்குலியின் பாடமும் செனபோனின் பாடமும் இங்கே ஒருவன் கையிலேயே கூடின. தோட்டங்களிலும் துரைமார் குதிரைமேலேறிக் காடு சுற்றிய தொடக்க நாட்களில் இவ்வேலை செய்த நம்மவர் இருந்தனர்.

1880-ல் ஷாங்காயிலிருந்து ரிக்‌ஷா வந்தது. குதிரைக்குப் பதிலாக மனிதனே நுகத்தடியிற் பூட்டப்பட்டான். அவனுக்குக் கொள்ளும் வேண்டாம், தேய்ப்பவனும் வேண்டாம் என்பது முதலாளிகளுக்கு வசதியாயிற்று. பிறகு மோட்டார் வண்டி வந்து குதிரைவண்டியை அறவே ஒழித்தது. சைஸ் என்ற பெயர் மட்டும் ஒழியவில்லை. மலாய் நாட்டில் மோட்டார் ஓட்டியையும் நெடுங்காலம் சைஸ் என்றே அழைத்தனர். பல சைஸ்கள் மெய்யாகவே குதிரையை விட்டு மோட்டாருக்கு மாறியவர்கள். காலையில் வாளியும் துணியும் எடுத்துக் கழுவுவது மாறவில்லை, கழுவப்படுவது மட்டும் மாறிற்று.

பந்தயக் கொட்டடிகளிலோ பழைய வேலை தொடர்ந்தது. அங்கே நெடுநாள் நிலவிய கொள்கை ஒன்று: ஓடிச் சூடேறிய குதிரைமேல் குளிர்ந்த நீரை ஊற்றலாகாது, ஊற்றினால் தசை இறுகிப் பிடித்துக்கொள்ளும் என்பது. வெள்ளைப் பயிற்றுநர் இதை வேதவாக்காகக் கொண்டனர். 1996-ல் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில், கடும் புழுக்கத்தில் ஒலிம்பிக் போட்டி நடக்க இருந்தபோது, இதனைச் சோதித்துப் பார்க்க நேர்ந்தது. ஓடிவந்த குதிரைகள்மேல் குளிர்நீரை மீண்டும் மீண்டும் ஊற்றினர். தசைக்கு ஒரு கேடும் வரவில்லை. உடற்சூடு விரைந்து தணிந்தது. நீரூற்றாத குதிரைகளே துன்புற்றன. ஓடிய குதிரையை ஆற்றில் இறக்கிய மித்தன்னி நாட்டான் வழி சரியென்றாயிற்று. அதற்குப்பின் புழுக்கமுள்ள நாடுகளின் பந்தய வெளிகளில், குதிரை ஓடி முடித்த இடத்திலேயே நீர்க்குழாயோடு ஆட்கள் நிற்பது வழக்கமாயிற்று.

கிராஞ்சியிலும் அப்படி நின்றனர். பந்தயம் நின்றுவிடும் என்ற செய்தி 2023 ஜூனில் வெளிவந்தது. நிலத்தை 2027 மார்ச்சுக்குள் அரசிடம் ஒப்புவிப்பது என்றும் அப்போதே அறிவித்தனர். அறிவிப்பு வந்த மறுநாட் காலையும் விடியுமுன் குதிரைகளைத் தேய்க்க வேண்டியிருந்தது.